தாழிக்குத் தரும் மதிப்பை வனையும் கைக்கும் தருவோம்

ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்தக் களக் காட்சியகத்தில், முதுமக்கள் தாழிகளைப் புதைத்த இடத்திலேயே குனிந்து பார்க்கலாம். 1876இல் ஜெர்மானியரான டாக்டர் ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடியும் மண்வெட்டியை எடுத்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. 114 ஏக்கர் பரப்புள்ள அந்த இடுகாடும், அருகிலுள்ள சிவகளையும், கொற்கையும் தந்தவற்றைக் காட்டுவதற்காக நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. இவை எல்லாம் மகிழ்ச்சி தருபவை. ஆனால் பொருநை என்ற அதே தாமிரபரணியின் மேற்கே, சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியிலும் இன்னும் பல ஊர்களிலும் மண்ணை மிதித்து, தட்டி, சூளை வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்யும் பானையைச் சந்தையில் தட்டிப் பார்த்து, சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாங்குகிறோம். மூவாயிரம் ஆண்டுப் பழைய பானைக்குக் கண்ணாடியும், இன்றைய பானைக்குத் தெருவோரச் சாக்குப்படுதாவும் என்பது ஒரு சமூகம் தன் அறிவை எப்படி எடை போடுகிறது என்பதைக் காட்டுகிறது. கையால் மண்கலம் செய்பவரைக் கலைஞராக ஏற்று, பெயர் சொல்லி, அந்தக் கைக்கு உரிய விலையையும் கொடுக்கும்வரை தாழிக்கு நாம் செய்யும் மரியாதை அரைகுறையானதே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தத் தாழி எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஆளைக் குத்தவைத்து உட்கார்த்தும் அளவுக்கு அகன்ற ஒரு கலத்தைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் இழுத்து எழுப்ப முடியாது. ஈர மண் தன் பாரத்தைத் தானே தாங்காமல் சரிந்துவிடும். அதனால் அடிப்பாகத்தை முதலில் அமைத்து, மண்ணைக் கயிறுபோலத் திரித்து வளையம் வளையமாக ஏற்ற வேண்டும். கீழ் வளையம் ஓரளவு இறுகிய பிறகுதான் மேல் வளையத்தை வைக்கலாம். மிகவும் காய்ந்துவிட்டால் இரண்டும் ஒட்டாது. ஈரம் மிகுந்தால் சுவர் பிதுங்கும். உள்ளே ஒரு கையால் கல்லைத் தாங்கிக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் மண்ணுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிச் சுவரைக் கெட்டிப்படுத்த வேண்டும். மண்ணில் மணலோ உமியோ கலந்தால்தான் சூட்டில் நீராவி வெளியேற வழி கிடைத்துக் கலம் வெடிக்காமல் வரும். இதற்கு அடுத்தது நெருப்பு. இந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புக் கலங்களில் உட்புறமும் விளிம்பும் கறுத்திருக்க, வெளிப்புறம் சிவந்திருக்கும். காற்றுப் பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். காற்றுப் படாத இடத்தில் கறுக்கும். கலத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டால் ஒரே சூளையில் இரண்டு நிறமும் கிடைத்துவிடும். வேதியியல் என்ற பாடம் பிறக்காத காலத்தில், எந்தப் பக்கம் காற்றை விடுவது, எந்தப் பக்கம் அடைப்பது என்று அறிந்து செய்த வேலை இது. 2004 அகழாய்வில் கிடைத்த ஒரு தாழியின் ஓட்டில் ஒரு பெண், ஒரு மான், ஒரு முதலை, ஒரு பறவை ஆகிய உருவங்கள் மண்ணால் புடைப்பாக ஒட்டப்பட்டிருந்தன. புதைகுழிக்குள் போகும் கலத்துக்கும் அழகு வேண்டும் என்று நினைத்த ஒருவர் இந்த ஆற்றங்கரையில் இருந்திருக்கிறார்.

சக்கரம் இல்லாமல் செய்த கலம் என்றதும், சக்கரம் தெரியாத காலத்தின் எளிய பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. சங்க காலத்திலும் அதற்கு முன்பும் சிறு கலங்கள் சக்கரத்தில் சுழன்றன. எந்தக் கலத்துக்குச் சக்கரம், எந்தக் கலத்துக்குக் கை என்று பிரித்துத் தெரிந்திருந்ததுதான் தேர்ச்சி. அந்தப் பிரிவு இன்றும் நெல்லைச் சீமையில் கண்ணுக்குத் தெரிகிறது. பானையின் கழுத்தும் விளிம்பும் சக்கரத்தில் உருவாகின்றன. அடிப்பாகம் பிறகு கையால் தட்டித் தட்டியே மூடப்பட்டு உருண்டை வடிவம் பெறுகிறது. ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் வாசலில் வைக்கும் பொங்கல் கட்டிகள் முழுக்கக் கைவேலை. மண்ணைக் குழைத்து உருட்டி, காய வைத்து, சுண்ணாம்பும் காவியும் பூசி வருகின்றன. மண் அடுப்பும் அப்படியே. கரிசல் பக்கத்து வீடுகளில் தானியம் சேர்த்து வைத்த குலுக்கையைச் சக்கரம் தொட்டதே இல்லை. மண்ணில் வைக்கோலைச் சேர்த்து மிதித்து, உறை உறையாக அடுக்கி ஆள் உயரத்துக்கு எழுப்பிய அந்தக் குலுக்கை, தாழியின் நேரடி உறவு. ஊர் எல்லை அய்யனார் கோயில்களில் நிற்கும் மண் குதிரைகளின் காலும் உடலும் தனித்தனியாகக் கையால் சேர்த்துக் கட்டியவை. சக்கரத்தை மட்டுமே மண்பாண்டத்தின் அடையாளமாகக் காட்டும் நம் வழக்கம் இன்னொரு கேட்டையும் செய்கிறது. நாட்டின் பல பகுதிகளில் பெண்கள் சக்கரத்தில் அமர்வதில்லை. மண்ணைப் புடைத்துச் சலித்துப் பிசைவது, தட்டுவது, காவி பூசுவது, அடுப்பும் பொம்மையும் செய்வது அவர்கள் பங்கு. கைவேலையைச் சில்லறை வேலையாகப் பார்க்கும்போது, அந்தப் பெண்களின் உழைப்பு முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு விடுபடல் பழையது. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், சாத்தன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. அவை பெரும்பாலும் கலத்தை உடையவர்களின் பெயர்கள் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். பானை சுட்ட பிறகு வாங்கியவர் தன் பெயரை எழுதிக்கொண்டார். சுட்டவர் பெயர் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. புறநானூற்றின் 228ஆம் பாட்டும் 256ஆம் பாட்டும் தாழி செய்பவரை விளித்தே பாடப்பட்டவை. ஒன்றில் சோழன் கிள்ளிவளவன் இறந்துவிட்டான். அவ்வளவு பெரிய மன்னனைக் கவிக்கும் தாழியை நீ எப்படி வனையப்போகிறாய் என்று ஐயூர் முடவனார் கேட்கிறார். மற்றொன்றில் கணவனை இழந்த பெண் தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். இரண்டிலும் அவரைக் ‘கோ’ என்று உயர்வாகவே அழைக்கிறார்கள். முதல் பாட்டின் மன்னன் பெயர் நமக்குத் தெரியும், புலவர் பெயர் தெரியும். அந்தக் குயவரின் பெயர் தெரியாது. இது வெறும் மனக்குறைக்கான விஷயம் அல்ல, விலையோடு தொடர்புடையது. பெயர் இல்லாத பொருளை இன்னொரு பெயர் இல்லாத பொருளோடுதான் ஒப்பிடுவார்கள். கையால் மூன்று நாளில் எழுப்பிய கலமும், அச்சில் அழுத்தி ஒரு நிமிடத்தில் எடுத்த கலமும் ஒரே சாக்கில் உட்கார்ந்தால், வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ‘மண் சட்டி’தான். மலிவானதன் விலையே மற்றதற்கும் விலையாகிவிடும். செய்தவர் யார், எந்தக் குளத்து மண், எத்தனை நாள் உழைப்பு என்பது பொருளோடு சேர்ந்து போகும்போதுதான் அந்த ஒப்பீடு உடையும்.

அப்படி உடைந்ததற்கு உலகில் சாட்சி இருக்கிறது. நைஜீரியாவின் குவாலி என்ற ஊரில் பிறந்த லாடி குவாலி, சிறு வயதில் தன் வீட்டுப் பெண்களிடம் தண்ணீர்ப் பானை செய்யக் கற்றவர். சக்கரம் கிடையாது, பானையை நடுவில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே மண் கயிற்றை அடுக்குவது அவர் ஊர் முறை. அவருடைய பானைகளை முதலில் மதித்து வாங்கி அரண்மனையில் வைத்தவர் உள்ளூர் ஆட்சியாளரான அபுஜா அமீர். அங்கே அவற்றைக் கண்ட ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ, தாம் நடத்திய அபுஜா பயிற்சி நிலையத்துக்கு அவர் வர வழி செய்தார். 1954இல் லாடி குவாலி அங்கே சேர்ந்தார். பூச்சும் உயர் வெப்பச் சூளையும் அங்கே புதிதாக வந்தன. பானையைச் சுற்றி நடந்து வனையும் முறை மாறவில்லை. லண்டனில் காட்சிகள் நடந்தன. இன்று நைஜீரியாவின் 20 நைரா தாளில், பானையோடு இருக்கும் அவர் உருவம் அச்சாகிறது. ஜப்பானில் 16ஆம் நூற்றாண்டில் சோஜிரோ சக்கரம் இன்றிக் கையால் பிடித்த ராகு தேநீர்க் கிண்ணங்கள், ஆட்சியாளர்கள் தேடிப்போகும் பொருள்களாயின. வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. புதுவையை ஒட்டிய வில்லியனூரின் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வழிவழியாக மண்ணில் உழைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அதே புதுவையில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலக் கூடம், நாடு முழுவதிலிருந்தும் வந்த பலரைச் செராமிக் கலைஞர்களாக ஆக்கியிருக்கிறது. இவை எல்லாவற்றிலும் மண் ஒன்றுதான், கை ஒன்றுதான். பெயரைச் சேர்த்துச் சொல்ல ஒருவர் முன்வந்ததுதான் வேறுபாடு. லாடி குவாலியின் கதையில் கவனிக்க வேண்டியது, வெளிநாட்டார் வருவதற்கு முன்பே உள்ளூர் அரண்மனை அந்தப் பானையை மதித்திருந்தது என்பது.

இங்கே ஒரு மறுப்பு எழும். திரும்பத் திரும்ப ஒரே பானையைச் செய்வது கைத்தொழில். ஒருவர் தன் கற்பனையால் புதிதாக ஒன்றைப் படைப்பதுதான் கலை. இரண்டையும் ஒன்றாக்கினால் கலை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகும் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒவ்வொரு சட்டியும் கலைப்படைப்பு என்று சொல்ல முடியாது. மோசமாகச் செய்த பானைகளும் உண்டு. ஆனால் நாம் மற்ற கலைகளை இந்த அளவுகோலால் அளப்பதில்லை. காருகுறிச்சி என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது நாகஸ்வர மேதை அருணாசலம். அவர் வாசித்த ராகங்களை அவர் கண்டுபிடிக்கவில்லை. முன்னோர் வாசித்ததையே வாசித்தார். வாசித்த விதத்தில் அவர் தெரிந்தார். ஆயிரம் முறை வாசித்த ராகத்தில் ஒரு கலைஞனை நம்மால் அடையாளம் காண முடிகிறது என்றால், ஆயிரம் முறை வனைந்த பானையில் ஏன் முடியாது? கழுத்து எங்கே வளைகிறது, வயிறு எவ்வளவு புடைக்கிறது, தட்டிய பலகையின் தழும்பை மழித்துவிட்டாரா அல்லது விட்டுவைத்தாரா என்பதில் ஒவ்வொரு கையும் தனித்து நிற்கும். கேட்கப் பழகிய செவி நமக்கு இருக்கிறது. பார்க்கப் பழகிய கண் இல்லை. அந்தக் கண்ணை வளர்ப்பது பள்ளியின் வேலை, பத்திரிகையின் வேலை, அருங்காட்சியகத்தின் வேலை. நகரத்து ஸ்டுடியோவில் கையால் பிடித்த ஒரு கோப்பையைக் கலை என்று ஏற்று நல்ல விலை கொடுப்பவர்கள், அதே கைமுறையில் ஊர்ப்புறத்தில் செய்த அடுப்பை ஏன் ஏற்பதில்லை என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டுடியோப் பொருள் 1,200 பாகைக்கு மேல் சுடப்பட்டது, பூச்சுள்ளது, நீர் கசியாதது என்பது சரிதான். ஆனால் அந்த விலையில் உறுதிக்கான பங்கு ஒரு பகுதிதான். மீதி, செய்தவரின் பெயருக்கும் காலத்துக்கும் நாம் தரும் பங்கு. அந்தப் பங்கைத்தான் ஊர்க் குயவருக்கும் கேட்கிறோம்.

இரண்டாவது மறுப்பு பயன் பற்றியது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் குளிர்பெட்டியும் வந்த பின் மண்கலத்துக்கு இடமில்லை. தேவை செத்த தொழிலை மானியத்தால் எத்தனை நாள் உயிரோடு வைப்பது என்பது கேள்வி. எல்லா வீட்டிலும் மண்பானையே மறுபடி ஏறும் என்று யாரும் வாக்களிக்க முடியாது, அப்படி ஆசைப்படவும் தேவையில்லை. 2004இல் ரயில்வே அமைச்சராக இருந்த லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் தேநீருக்கு மண்குவளையைக் கொண்டுவந்தார், அது நிலைக்கவில்லை. லட்சக்கணக்கில், ஒரே அளவில், மிகக் குறைந்த விலையில் என்று கேட்டால் கைவேலை தாங்காது. அந்தப் போட்டியில் காகிதக் கோப்பைதான் வெல்லும். அதிலிருந்து கற்க வேண்டிய பாடம், கைக்கலத்தை எண்ணிக்கையால் காப்பாற்ற முடியாது, தகுதியால்தான் முடியும் என்பது. தகுதி அதற்கு இருக்கிறது. கோடையில் தண்ணீர் மண்பானையின் நுண்துளை வழியாகக் கசிந்து ஆவியாகும்போது மின்சாரமின்றிக் குளிர்கிறது. மீன்குழம்புச் சட்டி இறக்கிய பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. கார்த்திகை அகலுக்கும், முளைப்பாரிச் சட்டிக்கும், தீச்சட்டிக்கும் நெல்லைச் சீமையின் கோயில் கொடைகளில் மாற்றே இல்லை. பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் மண் அடுப்பும் சேர்க்க வேண்டும் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அது நல்ல கோரிக்கை; ஆனால் அதையும் ஒப்பந்தக்காரர் வழியாக மொத்தமாக வாங்கினால் ரயில்வே குவளையின் கதையே திரும்பும். அந்தந்த வட்டாரத்தில், அந்தந்தக் கூட்டுறவுச் சங்கத்திடம், பல மாதம் முன்பே சொல்லி வாங்க வேண்டும். மழையில் சூளை வைக்க முடியாத தொழிலுக்கு மார்கழியில் ஆர்டர் கொடுப்பது உதவி ஆகாது.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கனமானது. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. குயவர், வேளார், குலாலர் என்ற பெயர்களில் இந்தத் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டே வந்திருக்கிறது. கலை, மரபு, பெருமை என்று புகழ்ந்துகொண்டே ஒரு சமூகத்தின் பிள்ளைகளை மண்ணுக்குள்ளேயே உட்கார வைப்பது குலத்தொழிலுக்குப் பூமாலை போடுவது ஆகாதா? 1953இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று வந்த திட்டத்தை எதிர்த்து நின்ற மண் இது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அப்படியே ஏற்க மறுத்ததற்கும் இந்த அச்சமே காரணம். குடும்பத் தொழில் என்ற கட்டையும், 18 வயதிலேயே சேரலாம் என்ற விதியையும் நீக்கி, 35 வயதுக்கு மேற்பட்டோர் யாராயினும் 25 தொழில்களில் கடன் பெறும் வகையில் கலைஞர் கைவினைத் திட்டத்தை மாநில அரசு 2025இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்த எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது. வேளார் வீட்டுப் பிள்ளை மருத்துவராகவோ பொறியாளராகவோ போக விரும்பினால், பானை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால் சாதியின் பிடியைத் தளர்த்த வழி, அந்த அறிவைச் சாகவிடுவது அல்ல. அதைச் சாதிக்கு வெளியே திறந்துவிடுவது. பரதநாட்டியத்தையும் நாட்டார் இசையையும் இன்று யாரும் கற்கலாம், கற்கிறார்கள். மண்ணை மட்டும் ஒரு தெருவோடு பூட்டி வைத்திருப்பது நம் பார்வையின் கோளாறு. எந்தச் சாதியில் பிறந்த பெண்ணும் பையனும் காருகுறிச்சியில் ஒரு மூத்த கலைஞரிடம் வந்து கற்கவும், அந்தக் கலைஞர் ஆசிரியருக்கு உரிய ஊதியம் பெறவும் வழி செய்தால், குலத்தொழில் என்ற சொல் தானாகவே உதிரும். கூலி குறைவாகவும் மரியாதை இல்லாமலும் இருக்கும் தொழிலில்தான் பிறப்பால் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மரியாதையும் ஊதியமும் உள்ள இடத்துக்குப் பிறரும் வருவார்கள்.

நான்காவது, சுற்றுச்சூழல் குறித்த கேள்வி. குளத்து மண்ணை அள்ளி, விறகை எரித்துச் செய்யும் தொழிலை ஏன் வளர்க்க வேண்டும் என்பார்கள். தாமிரபரணி எட்டு அணைக்கட்டுகளால் பிரிந்து, கால்வாய் கால்வாயாக ஓடிக் குளங்களை நிரப்பும் ஆறு. பொதிகையிலிருந்து இறங்கும் வண்டல் ஆண்டுதோறும் அந்தக் குளங்களில் படிகிறது. அதை எடுக்காவிட்டால் குளம் மேடாகும், பாசனம் குறையும். குயவரும் உழவரும் கோடையில் மண் எடுத்ததே குளத்தைத் தூர் வாரும் ஏற்பாடாக இருந்தது. கேடு செய்வது, அனுமதியின் பெயரில் இயந்திரம் இறக்கிச் சவுடும் மணலும் லாரி லாரியாகக் கடத்துவதுதான். அந்தத் திருட்டைத் தடுக்கப் போட்ட கெடுபிடி, தலைச்சுமையாக மண் எடுப்பவர் மேல் போய் விழுந்தது. மண்பாண்டத்துக்காக 60 கன மீட்டர் வரை கட்டணமின்றி மண் எடுக்க விதி இருக்கிறது. 2024இல் அந்த அனுமதியை வட்டாட்சியர் நிலையிலேயே வழங்கலாம் என்று அரசு எளிதாக்கியது. நல்ல திருத்தம். ஆனால் பானைக்கு எல்லா மண்ணும் ஆகாது. ஒரு குறிப்பிட்ட குளத்தில், ஒரு குறிப்பிட்ட மடையை ஒட்டிய களிமண்தான் இழுத்த இழுப்புக்கு வரும் என்பதை வனைபவர்தான் அறிவார். எந்தக் குளம் என்பதை வருவாய்த் துறைப் பட்டியல் மட்டும் தீர்மானிக்காமல், தொழில் செய்வோரையும் கேட்டு, நீர் வற்றும் மாதத்தில் அனுமதி கைக்குக் கிடைக்கும்படி செய்தால்தான் அந்தத் திருத்தம் பலன் தரும். சூளையைப் பொறுத்தவரை, ஊர்ச் சூளை பனையோலை, தென்னை மட்டை, வைக்கோல் போன்ற கழிவுகளாலேயே பெரும்பாலும் எரிகிறது. அது தொடும் வெப்பமும் தொழிற்சாலைப் பீங்கானுக்கு வேண்டியதை விடக் குறைவு. புகை உண்மைதான். புகை குறைந்த, விறகு குறைந்த சூளையை வடிவமைக்கப் பொறியியல் கல்லூரிகள் பல இந்த மாவட்டத்திலேயே இருக்கின்றன. தொழிலைக் கைவிடுவதற்குக் காரணமாகச் சொல்லும் புகையை, தொழிலைச் செம்மைப்படுத்துவதற்கான பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. முதலாவது, பொருநை அருங்காட்சியகத்திலும் ஆதிச்சநல்லூரிலும் கையால் தாழி எழுப்பும் பட்டறையும் சூளையும் ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும். விழா நாளில் மேடையில் சக்கரம் சுற்றிக் காட்டும் ஏற்பாடு போதாது. மாதச் சம்பளத்தில் அமர்த்தப்பட்ட கலைஞர், ஆராய்ச்சியாளரோடு உட்கார்ந்து, பழைய ஓட்டின் சுவரில் இருக்கும் விரல் தடத்தைப் பார்த்து இது எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்லும் இடமாக அது இருக்க வேண்டும். சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல், சுமார் 3,200 ஆண்டுப் பழையது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. நெல்லின் வயதை ஆய்வகம் சொல்லும்; அந்த நெல்லைக் காத்த சுவர் எத்தனை நாள் காய்ந்தது, எந்த வேளையில் மேல் வளையம் ஏறியது என்பதை வனையும் கைதான் சொல்லும். அந்தக் கை இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, விற்கும் ஒவ்வொரு கலத்தின் அடியிலும் செய்தவரின் முத்திரை. பச்சை மண்ணில் ஒரு மரக்குச்சியால் கீற ஆகும் செலவு எதுவும் இல்லை. பூம்புகார் விற்பனை நிலையமும் கூட்டுறவுச் சங்கமும் அந்தப் பெயரைப் பட்டியலிலும் போட வேண்டும். கணவரின் பெயரில் போகும் பொருளில் மனைவியின் கை இருந்தால் இருவர் பெயரும் இருக்க வேண்டும். மூன்றாவது, அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கற்பது. காருகுறிச்சிக்குப் பக்கத்திலேயே பத்தமடை. அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. இன்னொரு பக்கம் வீரவநல்லூர். அதன் செடிபுட்டா சேலைக்கும் 2023இல் கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டமும் அதே ஆண்டு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே சாலையில் பாயும் சேலையும் பானையும் சேர்ந்து இருக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் அரிது. ஆனால் குறியீடு ஊருக்குத்தான் பெயர் தரும். ஆளுக்குப் பெயர் தர முத்திரைதான் வேண்டும். நான்காவது, பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் இருப்பதுபோல மண்வேலை சொல்லித்தர ஊர்க் கலைஞர்களை மணிக்கணக்கு ஊதியத்தில் அழைப்பது. சிறு பிள்ளையின் கைக்குச் சக்கரம் வேண்டாம். ஒரு உருண்டை மண்ணும் பொறுமையும் போதும்.

மழைக்காலத்தில் மண்பாண்டத் தொழிலாளருக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கிறது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் நிவாரணம் இழப்புக்குத் தருவது, ஊதியம் அறிவுக்குத் தருவது. இவர்களை இதுவரை நலிந்தவர்களாக மட்டுமே பார்த்திருக்கிறோம். இவர்கள் அறிந்தவர்கள் என்பதை நிலத்துக்குள்ளிருந்து தாழிகளே எழுந்து வந்து சொல்லிவிட்டன. அரசு செய்ய வேண்டியதைச் செய்யட்டும். வாசிப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை சட்டியோ அகலோ பொங்கல் கட்டியோ வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், இதைச் செய்தவர் பெயர் என்ன என்று கேளுங்கள். அந்தப் பெயரை வீட்டில் சொல்லுங்கள், அந்தக் கலத்தில் சமைத்ததைச் சாப்பிட வருபவரிடமும் சொல்லுங்கள். ஆதிச்சநல்லூரில் அவ்வளவு தாழிகள் கிடைத்தும், அவற்றை வனைந்தவர்களில் ஒருவரின் பெயர்கூட நம்மிடம் இல்லை. இன்று வனைபவர்களின் பெயராவது நம்மிடம் இருக்கட்டும்.